பக்கவாத்தியம் வாசிக்கும் சாமி

கழுகுமலை வெட்டுவான் கோயிலில், விமானத்தின் தென்புறத்தில் இருக்கும் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது பழகிப்போன காட்சி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் சற்றுத் திகைத்து நிற்பார்கள். கல்லால மரத்தடியில் சின்முத்திரை காட்டி, வாயே திறக்காமல் சனகாதி முனிவர் நால்வருக்கும் உபதேசம் செய்கிற குருவாகத்தான் மற்ற கோயில்களில் அவரைப் பார்த்திருப்பார்கள். வியாழக்கிழமை கொண்டைக்கடலை மாலை சாத்தியிருப்பார்கள். இங்கே அவர் கையில் மிருதங்கம் இருக்கிறது. விரல்கள் தோலில் பதிகிற பாவத்தைக் கல்லில் கொண்டுவந்திருக்கிறான் சிற்பி.

எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் ஆட்சியில், மலைப்பாறையைச் சுற்றிலும் பள்ளமாக வெட்டி எடுத்து நடுவில் ஒற்றைக் கல்லாக நிறுத்திய கோயில் இது. உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சிகரம் முடிந்துவிட்டது. பூதகணங்கள் சிரிக்கின்றன, நந்திகள் படுத்திருக்கின்றன. அடிப்பகுதி முடியவில்லை. ஏதோ காரணத்தால் உளி பாதியில் நின்றுபோயிற்று. மேலே இருந்ததால் தட்சிணாமூர்த்தி தப்பித்தார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மிருதங்கத்தைத் தனியாக வாசிப்பதும் உண்டு. ஆனால் அதன் முதல் வேலை, பாடுகிறவருக்குத் துணை நிற்பது. அப்படியென்றால் இந்தச் சாமி யாருடைய பாட்டுக்கு வாசிக்கிறார்? பேசாமல் போதிக்கிற குரு, ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் காக்கிறார் என்றால், அந்தப் பாட்டு எப்பேர்ப்பட்டதாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஆகம நூல்களில் விடை இருக்கலாம். எனக்கு ஒரு விடை கிடைத்தது வேறோர் இடத்தில், கர்நாடக இசைப் பாடகி டி.கே. பட்டம்மாளின் முதுமைக் காலக் குரலில்.

2000ஆம் ஆண்டு வெளிவந்த கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ படத்தில், இளையராஜா இசையில், ‘வைஷ்ணவ ஜனதோ’ என்ற பாட்டைப் பட்டம்மாள் பாடியிருக்கிறார். நரசிங்க மேத்தா என்ற பதினைந்தாம் நூற்றாண்டுக் குஜராத்திக் கவியின் பாட்டு அது. காந்தியின் பிரார்த்தனைக் கூட்டங்களால் நாடெங்கும் பரவியது. அதைப் பாடியபோது பட்டம்மாளுக்கு எண்பதை ஒட்டிய வயது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1947இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் இதே பட்டம்மாள்தான் பாரதி பாடல்களைப் பாடினார். கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கிற எட்டயபுரத்துக்காரரின் பாட்டை, விடுதலை வரப்போகிற வருஷத்தில், இருபத்தேழு இருபத்தெட்டு வயதுக் குரல் கொண்டாடித் தீர்த்தது. இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். நான் சொல்ல வருவதில் பாதி அங்கேயே விளங்கிவிடும்.

இளம் குரலில் ஓர் அவசரமான சந்தோஷம் இருக்கிறது. முதிய குரலில் அது போய்விட்டது. வேறு சிலவும் போய்விட்டன. வயதானால் மேல் ஸ்தாயி சுருங்கும், பிர்காவின் வேகம் குறையும், மூச்சு வாங்கும். குரலின் ஓரங்களில் ஒரு சொரசொரப்பு ஏறும். பாடுகிற எவரும் இதற்குத் தப்ப முடியாது. சாதகம் எவ்வளவு செய்தாலும் தொண்டையும் தசைதானே. ஆனால் பட்டம்மாள் தம் வாழ்நாளில் பிர்காவை நம்பிக் கச்சேரி செய்தவர் அல்லர். அவருடைய சொத்து மூன்று: அசையாத காலப்பிரமாணம், சுத்தமான சுரஸ்தானம், சொல்லைச் சிதைக்காத உச்சரிப்பு. மூன்றுமே முதுமை எளிதில் களவாட முடியாத பொருள்கள். அழகை மட்டும் மூலதனமாக வைத்துக்கொண்ட பாட்டு வயது ஏற ஏறக் கடனாளி ஆகும். பட்டம்மாளின் பாட்டு கடைசிவரை கடன் படவில்லை என்பது என் கட்சி.

முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைச் சௌக்க காலத்தில் பாடுவது எவ்வளவு சிரமம் என்று பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே அட்சரம் நாலைந்து எண்ணிக்கைக்கு நீளும். அந்த நீளம் முழுக்கச் சுருதி ஆடாமல், கமகம் அறுந்துவிடாமல் நிற்க வேண்டும். இளம் வயதில் ஒரே மூச்சில் தாண்டிவிடலாம். எழுபதைக் கடந்தவர் நடுவில் எங்கேயாவது மூச்சு விட்டுத்தான் ஆக வேண்டும். எங்கே விடுவது என்பதில்தான் ஞானம் இருக்கிறது. பாட்டின் பொருள் தெரிந்தவர் பதம் முடிகிற இடத்தில் விடுவார். தெரியாதவர் தம் வசதிக்கு விடுவார்; அம்பாளின் பெயர் இரண்டாக உடையும். முதிய பாடகர்களைக் கேட்கும்போது நான் அந்த மூச்சு விடுகிற இடங்களைக் கவனிப்பேன். அவர்கள் இசையை எப்படிப் பூஜித்தார்கள் என்பது அங்கே தெரியும். பட்டம்மாளின் பாட்டில் மூச்சுக்கும் ஒரு மரியாதை உண்டு.

அவர் பிறந்தது காஞ்சிபுரத்தில், 1919இல். தந்தை தாமல் கிருஷ்ணசுவாமி தீட்சிதர். குருகுலவாசம் என்று எதுவும் வாய்க்கவில்லை. சகோதரர்களோடு கச்சேரிகளுக்குப் போய், கேட்டதை மனசில் ஏற்றி, வீட்டுக்கு வந்து சுரப்படுத்திப் பழகிய பெண். பத்து வயதில் சென்னை வானொலியில் பாடினார். பதின்மூன்று வயதில் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் மேடையேறினார். பெண்கள் ராகம் தானம் பல்லவி பாடுவதில்லை என்ற வழக்கத்தை உடைத்ததால் ‘பல்லவி பட்டம்மாள்’ என்றே பெயராயிற்று. சினிமாவில் பாடக் கூப்பிட்டபோதும் தெய்வப் பாடல், தேசப் பாடல் என்றால் மட்டும் சம்மதித்தார். இதெல்லாம் பலரும் அறிந்த செய்தி. எங்கள் கரிசல் மண்ணுக்கும் அவருக்கும் உள்ள உறவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அவருக்குத் தீட்சிதர் கிருதிகளைச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் அம்பி தீட்சிதர். எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதரின் மகன். சுப்பராம தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் பேரன். தாத்தாவே அவரைத் தத்தெடுத்துக்கொண்டார். குடும்பத்தில் வாய்வழியாக வந்த கிருதிகளை எல்லாம் திரட்டி, ஒவ்வொரு கமகத்துக்கும் ஓர் அடையாளக் குறி வகுத்து, ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்று ஏறத்தாழ 1,700 பக்கத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்டது 1904இல். எட்டயபுரத்திலேயே அச்சானது. அப்போது அவருக்கு 65 வயது. இரண்டு வருஷத்தில் காலமாகிவிட்டார். பருத்தியும் கம்பும் மிளகாயும் விளைகிற, மழைக்கு வானம் பார்த்துக் கிடக்கிற ஒரு சீமையில், ஒரு கிழவர் விளக்கடியில் உட்கார்ந்து காற்றில் அலைகிற நாதத்துக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. எட்டயபுரத்தில் இருந்த அந்தச் சொத்துதான் அம்பி தீட்சிதர் வழியாகச் சென்னைக்குப் போய், பட்டம்மாள் குரலில் ஏறியது.

முத்துசுவாமி தீட்சிதரே கடைசிக் காலத்தில் எட்டயபுரம் வந்தவர்தான். வரும் வழியில் வறண்டு வெடித்துக் கிடந்த நிலத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் அமிர்தவர்ஷிணியில் பாடினார், மழை கொட்டியது என்று ஒரு கதை. கரிசல்காரனுக்கு இந்தக் கதையைச் சொன்னால் நம்புவானோ இல்லையோ, ராகத்தின் பெயரைக் குறித்துக்கொள்வான். 1835 தீபாவளியன்று அவர் எட்டயபுரத்தில் உடலை விட்டார். அன்று சீடர்களை ‘மீனாக்ஷி மே முதம்’ கிருதியைப் பாடச் சொல்லி, கேட்டுக்கொண்டிருக்கையிலேயே உயிர் பிரிந்தது என்பது வழிவழியாக வருகிற செய்தி. நூற்றுக்கணக்கான கிருதிகளைச் செய்தவர் கடைசிப் பாட்டைத் தாம் பாடவில்லை, கேட்டார். சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது. பாரதி பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய் வரலாம்.

தம்பி பாலுசுவாமி தீட்சிதரையும் சும்மா தாண்டிப் போக முடியாது. வெள்ளைக்காரர்களின் வயலினைக் கற்று, அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய முன்னோடி அவர். பிறகு எட்டயபுரம் அரண்மனை வித்துவான் ஆனார். ஆக, இன்று தமிழ்நாட்டில் எந்த மேடையில் யார் பாடினாலும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற வயலினுக்கு எங்கள் சீமையில் ஒரு பூர்வீகம் உண்டு. அதே கப்பல்களில் வந்த பியானோ நம் பாட்டுக்குத் துணையாகவில்லை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே வழுக்கிப் போக அதில் வழியில்லை, கமகம் பிடிக்காது. ஆனால் மேற்கத்திய இசையில், பாடுகிறவர் பக்கத்தில் அது செய்கிற ஊழியத்தைக் கேட்டால் நமக்கும் கைகூப்பத் தோன்றும்.

லோட்டே லேமான் என்று ஒரு ஜெர்மானியப் பாடகி. 1888இல் பிறந்தவர். ஐரோப்பாவின் பெரிய ஆபரா மேடைகளில் சொப்ரானோவாக, அதாவது பெண் குரலின் உச்ச வகையில், பல்லாண்டு ஆட்சி செய்தவர். நாஜிகளோடு ஒத்துப்போகாமல் அமெரிக்காவில் குடியேறினார். 1951 பிப்ரவரி 16 அன்று நியூயார்க் டவுன் ஹாலில், பால் உலனோவ்ஸ்கியின் பியானோ மட்டும் துணையாக, ஒரு கச்சேரி. பெரிய வாத்தியக் கூட்டம் கிடையாது, வேஷம் கிடையாது, திரைச்சீலை கிடையாது. அறுபத்து மூன்றை நெருங்கிய ஒரு பெண்மணியும் ஒரு பியானோவும். நடுவே அவர் சபையைப் பார்த்து, இதுவே தம் கடைசிக் கச்சேரி என்று அறிவித்தார். கூடாது, கூடாது என்று சபை கத்தியது. முடிவில் ஷூபர்ட் 1817இல் இசையமைத்த, இசைக்கே நன்றி சொல்கிற சின்னப் பாட்டு ஒன்றை எடுத்தார். கடைசி வரிக்கு வந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அவரால் பாட முடியவில்லை. பியானோ மட்டும் தொடர்ந்து போய், பாட்டை அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தது.

அந்தச் சில விநாடிகளை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். உலனோவ்ஸ்கி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அது ஒரு விபத்தாகப் போயிருக்கும். அவர் வாசித்ததால் அது பூர்த்தியாயிற்று.

ஜெரால்டு மூர் என்ற இன்னொரு பியானோக்காரர் வாழ்நாள் முழுக்கப் பிறர் பாட்டுக்கே வாசித்தவர். 1962இல் வந்த அவருடைய நினைவுக் குறிப்பின் தலைப்பே, நான் ரொம்பச் சத்தமாக வாசிக்கிறேனோ என்று கேட்கிற மாதிரி இருக்கும். பக்கவாத்தியக்காரன் ஒவ்வொரு நாளும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. 1967 பிப்ரவரி 20 அன்று லண்டனில் அவருக்கு விடை கொடுக்க மூன்று பெரிய பாடகர்கள் ஒன்றாக மேடையேறினார்கள். எல்லாம் முடிந்தபின் மூர் தனியாக உட்கார்ந்து, அதே ஷூபர்ட் பாட்டை, பாடகர் இல்லாமல் பியானோவில் மட்டும் வாசித்துவிட்டு எழுந்தார். லேமான் கச்சேரியில் பாட்டு நின்று பியானோ மிஞ்சியது. இங்கே பாட்டே இல்லாமல் பியானோ பாடியது. கேட்டவர்கள் மனசுக்குள் சொற்கள் ஓடியிருக்கும்.

நம் பக்கம் திரும்புவோம். பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்தவர் மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயர். அவர் முதன்முதலில் வாசித்த பாடகி பட்டம்மாள்தான். மணி ஐயர் வாசிப்பின் பெருமையைச் சொல்கிற பழைய ரசிகர்கள், அவர் வாசித்ததைச் சொல்வதற்கு முன் அவர் வாசிக்காமல் விட்ட இடங்களைச் சொல்வார்கள். பாட்டில் ஒரு நல்ல சங்கதி வருகிறதென்றால் கை தானாக அடங்கும்; கேட்டுக்கொண்டிருப்பார்; அது முடிகிற இடத்தில் ஒரே ஒரு சொல் விழும். மேடையில் மைக் வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்ததும் இதே குணத்தின் இன்னொரு பக்கம். சத்தத்தைப் பெருக்கினால் மௌனம் செத்துப்போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிற்பாடு இரண்டு குடும்பங்களும் சம்பந்திகளாயின. மணி ஐயரின் மகள் லலிதா பட்டம்மாளுக்கு மருமகளாகி, பல்லாண்டு அவர் கச்சேரிகளில் கூடவே பாடினார்.

அதற்கும் முன்னால் கூடப் பாடியவர் தம்பி டி.கே. ஜெயராமன். ஒன்பது வயது இளையவர், அக்காவிடமே பாட்டுக் கற்றவர். 1991இல் அவர் போய்விட்டார். பட்டம்மாள் அதற்குப் பிறகும் பாடினார். கூடப் பாடுகிறவரின் வேலை என்ன என்று வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பெரியவருக்கு எட்டாத மேல் ஷட்ஜத்தை இளையவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எட்டவில்லை என்பது சபைக்குத் தெரியக் கூடாது. பெரியவர் மூச்சு வாங்குகிற கணத்தில் கார்வையை இவர் ஏந்திக்கொள்ள வேண்டும். அவர் திரும்பி வந்ததும் ஓசைப்படாமல் விலகிவிட வேண்டும். தன் குரல் நன்றாக இருக்கிறது என்று காட்டிக்கொள்ளும் ஆசை ஓர் இழை கலந்தாலும் எல்லாம் கெடும். மருமகள் மாமியாருக்கு இதைச் செய்திருக்கிறார் என்பதை நம் டிவி சீரியல்காரர்கள் கவனிக்கலாம்.

எங்கள் வட்டாரத்துக் கலைஞர்களுக்கு முதுமை அதிகம் வாய்க்கவில்லை. கழுகுமலை முருகனான கழுகாசலமூர்த்தி மேல் காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 1891இல் மறைந்தார், முப்பதைத் தாண்டவில்லை. பங்குனி உத்திரத்துக்கு இந்த மலையைச் சுற்றி வருகிற காவடிகள் இன்னமும் அந்த இளைஞனின் சந்தத்தில்தான் கால் வைக்கின்றன. பாரதி நாற்பதைப் பார்க்கவில்லை. கோவில்பட்டியில் வந்து வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம், ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு தம் நாகஸ்வரத்தைக் கலந்து ஊரையே கிறங்கடித்தது 1962இல். இரண்டே வருஷத்தில், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். இவர்கள் எண்பது வயதில் எப்படிப் பாடியிருப்பார்கள், எப்படி வாசித்திருப்பார்கள்? எந்த வேகத்தை விட்டிருப்பார்கள், எதை வைத்துக்கொண்டிருப்பார்கள்? அது நமக்குக் கிடைக்காத பிரசாதம். அதனாலேயே, எண்பதில் பாடிய ஒரு குரல் பதிவாகக் கிடைக்கிறபோது அதைக் குறை கண்டுபிடிக்கிற காதோடு கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

முதுமையை வரமாகக் கேட்டு வாங்கியவர்கள் நம் மரபில் உண்டு. ஔவையாரும் காரைக்கால் அம்மையாரும் அழகையும் இளமையையும் சுமை என்று இறக்கி வைத்தவர்கள். கே.பி. சுந்தராம்பாள் இரண்டு பேராகவும் திரையில் வந்தார். 1953இல் ஔவையார், 1973இல், அறுபத்தைந்தை ஒட்டிய வயதில், காரைக்கால் அம்மையார். அந்த வயதில் அந்தக் குரல் அம்மையாருக்குப் பொருந்தியது போல இளம் குரல் எதுவும் பொருந்தியிருக்காது. அம்மையாரின் பழைய செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பார். ஆலங்காட்டில் சிவன் ஆடுகிறான், இவள் தாளம் போடுகிறாள். பக்தர் பக்கவாத்தியம், கடவுள் மேடையில். வெட்டுவான் கோயிலில் இது தலைகீழாகிறது. அவன் மிருதங்கத்தோடு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, பாடுகிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான்.

சஷ்டி, கிருத்திகை என்றால் கழுகாசலமூர்த்தி கோயில் மண்டபத்தில் வயதான பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பாடுவதைப் பார்க்கலாம். அதில் ஓர் ஆச்சி. காது வளர்த்தவர், தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கி அடுக்கிக் காய்த்துப்போன விரல்கள். ஒருநாள் சிந்து பாடிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். இருமல். தண்ணீர் குடித்தார். மறுபடி எடுத்தார், வரவில்லை. பக்கத்தில் ஒரு பையன், பேத்தி மகனாக இருக்கலாம், செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னாச்சி, பாட்டு நின்னு போச்சு?” என்றான்.

“மூச்சு எட்ட மாட்டேங்குய்யா.”

“அப்ப போதும், வா வீட்டுக்குப் போவோம்.”

“போவலாம்லே. நீ அந்தக் கருமத்த உள்ள வச்சிட்டுத் தாளத்தப் போடு ராசா. பாட்டு தானா வரும்.”

பையன் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் தொடையில் தட்ட ஆரம்பித்தான். முதலில் ஏனோதானோவென்று தட்டினான், பிறகு ஆச்சியின் உதட்டைப் பார்த்துப் பார்த்துத் தட்டினான். பாட்டு வந்தது. முன்னைவிடச் சின்னக் குரலில், கொஞ்சம் தாழ்ந்த சுருதியில் வந்தது. சிந்துக்கு வேண்டிய துள்ளல் மட்டும் அப்படியே இருந்தது.

கோயிலுக்குப் போகிறவர்கள் நாம் எல்லாரும் கடவுளை ஒரு சபைத் தலைவராகவே நினைத்துப் பழகியிருக்கிறோம். அவர் கேட்கிறார், நாம் பாடுகிறோம். சரியாகப் பாடினால் வரம், பிசகினால் தண்டனை. இந்த நினைப்போடு ஒருவன் கிழவனாகிறபோது அவனுக்குப் பயம் வந்துவிடுகிறது. முன்போல மலையேற முடியவில்லை, விரதம் இருக்க முடியவில்லை, கந்த சஷ்டி கவசம் பாதியில் மறந்துபோகிறது. சாமி கோவித்துக்கொள்ளுமோ என்று தவிக்கிறான். எங்கள் தெருவிலேயே இப்படித் தவிக்கிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களிடம் தென்புறத்துத் தட்சிணாமூர்த்தியைப் போய்ப் பாருங்கள் என்று சொல்வேன். எதிரே உட்கார்ந்து மார்க் போடுகிறவராக அவர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மிருதங்கக்காரர் பாடகரின் பிசகை முந்திக்கொண்டு சபைக்குக் காட்டிக் கொடுக்க மாட்டார். பாடுகிறவர் எடுப்பைத் தவறவிட்டால், ஓர் ஆவர்த்தம் பொறுத்து, அவர் திரும்பி வருகிற இடத்துக்கு ஏற்ப வாசித்து அணைத்துக்கொள்வார். குரல் சிறுத்தால் கையும் சிறுக்கும். பாடகர் நிறுத்தினாலும் தாளம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். மௌன குருவுக்கு மிருதங்கத்தைக் கொடுத்த சிற்பி இதைத்தான் யோசித்தானா என்பது வேறு விஷயம். பட்டம்மாளின் முதிய குரலைக் கேட்ட பிறகு எனக்கு வேறு விதமாகப் பார்க்க வரவில்லை.

பட்டம்மாள் 2009 ஜூலை 16 அன்று, தொண்ணூறு வயதில் காலமானார். பதிவுகள் நிறையவே இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். இளமைக் காலத்துப் பதிவுகளைத் தேடிப் போகிறவர்கள் கடைசிக் காலத்தவற்றையும் ஒதுக்காமல் கேளுங்கள்.

அதோடு இன்னொன்றும் செய்யலாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ, ஒரு காலத்தில் பாடிக்கொண்டிருந்து இப்போது நிறுத்திவிட்ட ஓர் அம்மாவோ ஆச்சியோ அத்தையோ கட்டாயம் இருப்பார்கள். அவர்களைப் பாடுங்கள் என்று கேட்காதீர்கள். கேட்டால், குரல் போயிடுச்சு, இனி என்னத்தப் பாட என்றுதான் பதில் வரும். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரிந்த பாட்டின் முதல் வரியை நீங்களே எடுத்து, தப்பாகப் பாடுங்கள். திருத்துவதற்காகவாவது வாயைத் திறப்பார்கள். அதற்கப்புறம் உங்களுக்குத் தாளம் போடுகிற வேலை மட்டும்தான். மெதுவாகப் போடுங்கள்.